அடா லிமோனைச் சித்தூரில் வாசிக்க

பாலக்காட்டுச் சித்தூரில் கவியரங்கு என்றால் ஒரே வரியை இரண்டு முறை சொல்லிக் கைதட்டலுக்குக் காத்திருப்பது தமிழ்ப் பழக்கம். ராகம் போட்டுச் சொல்வது மலையாளப் பழக்கம். அமெரிக்கக் கவிஞர் அடா லிமோனின் கவிதைக்கு இரண்டுமே ஒத்துவராது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற குரலிலேயே வாசியுங்கள்.

முக்கால் மணி நேரத்துக்கு ஒன்பது கவிதை போதும். இருபது வரிக் கவிதைக்கு ஒன்றரை நிமிடம்; முன்னால் இரண்டு வாக்கியம், பின்னால் கொஞ்சம் மௌனம், மூல ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி என்று ஐந்து நிமிடம் ஓடிவிடும். பதினைந்து எடுத்துப்போகிறவர்கள் பத்தாவதிலிருந்து மூச்சிரைக்க வாசிப்பார்கள்.

அறிமுகத்தில் விருதுப் பட்டியல் வேண்டாம். 1976இல் கலிபோர்னியாவில் பிறந்தவர், பல ஆண்டுகள் கென்டக்கியில் வாழ்ந்தவர், 2022இல் 24ஆவது அரசவைக் கவிஞர் ஆனவர். (அரசவையே இல்லாத நாடுதான். நியமிப்பது அதிபர் அல்ல, அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸின் நூலகத் தலைமை நூலகர். இதைச் சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.) வியாழனின் யூரோப்பா நிலவுக்காக அவர் எழுதிய கவிதை, அவர் கையெழுத்திலேயே டாண்டலம் என்ற உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டு 2024 அக்டோபர் 14 அன்று விண்கலத்தில் கிளம்பியது. அதை முதலில் வைத்தால் பின்னால் வரும் குதிரைக் கவிதையும் தோட்டக் கவிதையும் சிறுத்துப்போகும். ஏழாவதாக வையுங்கள்.

மொழிபெயர்ப்பை முன்கூட்டியே ஒரு மலையாளியிடம் வாசித்துக் காட்டுவது கட்டாயம். 'வெள்ளம்' என்றால் அவர் காதில் வெறும் தண்ணீர்தான் விழும். 'வெள்ளப்பெருக்கு' என்றால் பிடித்துக்கொள்வார். 'பட்டி' அவருக்கு நாய். சோகமான இடத்தில் ஆடுகள் பட்டிக்குத் திரும்பினால் சிரிப்பு கிளம்பும். அப்புறம் அந்தக் கவிதையை மீட்க முடியாது. 'தொழுவம்' என்று மாற்றுங்கள்.

ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும், 16 பாயின்ட் எழுத்தில் அச்செடுங்கள். ஒரு வாக்கியம் பாதியில் தாள் திரும்பக் கூடாது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியே வந்து தாளை அள்ளும். பரீட்சை அட்டையில் கிளிப் போட்டுப் பிடியுங்கள். மைக் வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் ஸ்பீக்கர் 'டப்' என்று வெடிக்கும்.

சித்தூரின் கொங்கன்படைத் திருவிழா நாளைத் தவிருங்கள். செண்டை மேளச் சத்தத்தில் எதுவும் கேட்காது. ஐந்தரைக்குத் தொடங்கினால் பொள்ளாச்சி பஸ் பிடிக்க வேண்டியவர்களும் கேள்வி நேரம் வரை இருப்பார்கள். மொழிபெயர்ப்பை நகலெடுத்து விநியோகிக்காதீர்கள். அச்சிடப் பதிப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்.