விவாகரத்து நடக்கும்போது கணவர் பின்தொடர்ந்தால்: பாதுகாப்பு உத்தரவு பெறும் முறை

எங்கள் விவாகரத்து மனு குடும்ப நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தபோது, என் அலுவலகத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் என் கணவர் ஏறக்குறைய எல்லா மாலையும் வந்து நின்றார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆறு மணிக்கு நான் வெளியே வரும்போது கையில் தம்ளருடன் நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். "இன்னும் உன் புருஷன்தானே, பார்த்தால் என்ன?" என்று உறவினர்கள் கேட்டார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது. மனரீதியான துன்புறுத்தலும் அதில் வன்முறைதான். விவாகரத்து வழக்கு நடப்பது, இந்தச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்பதற்குத் தடையே இல்லை.

முதலில் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். "நேரிலோ போனிலோ என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்; வழக்கு பற்றி என் வழக்கறிஞரிடம் பேசவும்" என்பது போதும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு, பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வதையும், அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதையும் குற்றமாக்குவதால், அந்தச் செய்தியே பின்னாளில் உங்கள் அடிப்படைச் சான்றாகும். அதற்குப் பிறகு கோபத்தில்கூட ஒரு வரி பதில் எழுதாதீர்கள்.

அடுத்தது, நீங்கள் இருக்கும் இடம் அவருக்கு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பது. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டிய சில நிமிடங்களில் "ஊருக்கா போகிறாய்?" என்று எனக்குச் செய்தி வந்தது. காரின் ஃபாஸ்டேக் அவருடைய கைப்பேசி எண்ணில் இருந்ததால், ஒவ்வொரு கட்டணக் குறுஞ்செய்தியும் அவருக்கே போயிருக்கிறது. மின்னஞ்சலின் மீட்பு எண், கூகுள் மேப்பின் இருப்பிடப் பகிர்வு, வங்கிக் கணக்கில் பதிந்த எண் ஆகியவற்றையும் அவர் தொட்டிராத வேறொரு கைப்பேசியிலிருந்து சரிபாருங்கள்.

சான்றுகளுக்கு என் பரிந்துரை பக்க எண் அச்சிட்ட கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம். கைப்பேசிக் குறிப்புச் செயலிகளை நான் நம்புவதில்லை. தேதி, நேரம், இடம், உடனிருந்தவர் என நான்கையும் அன்றன்றே எழுதுங்கள். செய்திகளைப் படம் பிடிப்பதோடு நிறுத்தாமல் முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். அவை வந்த கைப்பேசியையும் அப்படியே வைத்திருங்கள். மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவின்படி, அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழும் இணைக்க வேண்டும்.

இனி பாதுகாப்பு உத்தரவுக்கான மனு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின் கீழ் இரண்டாம் படிவத்தில் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் உதவுவார். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மூன்றாம் படிவப் பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்தே கொடுங்கள். அதன் பேரில்தான் 23-ஆவது பிரிவின் கீழ், எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே கூட இடைக்கால உத்தரவு பிறப்பிக்க முடியும்.

நான் தடுக்கி விழுந்தது இந்த மனுவில்தான். "மனுதாரருக்கு எவ்விதத் தொந்தரவும் தரக் கூடாது" என்று பொதுவாகக் கேட்டிருந்தோம், உத்தரவும் அப்படியே வந்தது. மறுநாள் மாலையும் அவர் அதே கடையில் நின்றார். காவல் நிலையத்தில் உத்தரவை இருமுறை படித்த அதிகாரி, "டீக்கடையில் நிற்கக் கூடாது என்று இதில் எங்கேம்மா இருக்கிறது?" என்று கேட்டார். 18-ஆவது பிரிவு, பணியிடத்துக்குள் நுழைவதையும், நேரில், எழுத்தில், தொலைபேசியில், மின்னணு வழியில் தொடர்புகொள்வதையும் தனித்தனியே தடைசெய்ய அனுமதிக்கிறது. குறிப்பிட்ட வேறு செயல்களையும் தடுக்கலாம். ஆகவே அலுவலகத்தின் முழு முகவரி, வாயிலிலிருந்து இத்தனை மீட்டர், குழந்தையின் பள்ளி, பெற்றோர் வீடு, வாட்ஸ்அப், அவர் சார்பாகப் பேச வரும் நண்பர்கள் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் 25(2) பிரிவின் கீழ் திருத்தம் கோரி, 200 மீட்டர் என்ற வரியைச் சேர்த்துப் பெற்றோம்.

உத்தரவின் நகலை நீதிமன்றம் இலவசமாகத் தர வேண்டும்; காவல் நிலையத்துக்கும் அனுப்ப வேண்டும். இருந்தாலும் நீங்களே ஒரு நகலை எடுத்துச் சென்று, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம் இது. உடனடி ஆபத்து என்றால் 112, ஆலோசனைக்கு 181.

பின்சேர்க்கை: பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு வாசகி, திருமணமான ஊருக்கே போக வேண்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், தற்காலிகமாகத் தங்கும் ஊரிலேயே மனு செய்ய 27-ஆவது பிரிவு இடம் தருகிறது. மனைவியால் பின்தொடரப்படும் ஒரு சகோதரரும் எழுதியிருந்தார். இந்தச் சட்டத்தில் ஆண்கள் மனுதாரராக முடியாது. மிரட்டல் இருந்தால் குற்றப் புகாரும், உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணையும்தான் வழி. இன்னொரு வாசகிக்கு, குழந்தையைப் பார்க்கக் கணவர் வரும் நாளே தொல்லையாகிவிட்டது. அந்த வாசகி, குழந்தையை ஒப்படைக்கும் இடத்தைத் தன் வீட்டு வாசலிலிருந்து குடும்ப நீதிமன்ற வளாகத்துக்கு மாற்றக் கோரி மனு செய்திருக்கிறார். நீங்களும் அதை முதல் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.