துணிக்குப் பொருந்தாத ஊசி, நூல், ஸ்டெபிலைசர்: மெஷின் எம்பிராய்டரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெஷின் எம்பிராய்டரி பழக ஆரம்பித்தவர்கள் எடுத்துவரும் துணியைத் திருப்பிப் பார்த்தாலே எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும். டிசைனைச் சுற்றி அலை அலையாகச் சுருக்கம், சாட்டின் தையலின் (பக்கத்தில் பக்கமாக நெருக்கி விழும் பளபளப்பான தையல்) விளிம்பில் பொடிப்பொடி ஓட்டை, அடியில் கொத்துக் கொத்தாக நூல். “மெஷின் சரியில்லை, டென்ஷனைக் கொஞ்சம் பார்த்துத் தாருங்கள்” என்பார்கள், நூலின் இறுக்கத்தைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் மெஷினில் ஒரு கோளாறும் இருக்காது. துணிக்கு ஒவ்வாத ஊசியோ, டிசைனுக்கு ஒவ்வாத நூலோ, துணியைத் தாங்க முடியாத ஸ்டெபிலைசரோதான் (துணிக்கு அடியில் வைத்துத் தைக்கும் தாள் போன்ற தாங்கு பொருள்) காரணமாக இருக்கும். நான் பழகிய காலத்துப் பிசகுகளையே இன்றைக்கும் ஒவ்வொருவரும் முதலிலிருந்து செய்கிறார்கள். அதைத் தொடர்ந்து பார்ப்பதால்தான் இதை எழுதத் தோன்றியது. ஊசியைத் திருப்பிப் போடுவது, நூலைக் கொக்கியில் மாட்ட மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை மெஷினோடு வரும் கையேட்டிலேயே இருக்கின்றன.

பனியன் துணிக்கு டேர்-அவே

இதில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன். பணத்தையும் பெயரையும் ஒருசேரக் கெடுக்கிற தவறு இதைப்போல் வேறில்லை.

டேர்-அவே என்பது தையல் முடிந்ததும் கிழித்து எடுத்துவிடும் ஸ்டெபிலைசர். இரண்டு இழுப்பில் வந்துவிடும், பின்பக்கமும் சுத்தமாக இருக்கும். கட்-அவே அப்படி வராது. டிசைனைச் சுற்றிக் கத்தரியால் வெட்ட வேண்டும், தையலுக்கு அடியில் இருப்பது சட்டை உள்ளவரைக்கும் அங்கேயே இருக்கும். “பின்னால் பேப்பர் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, வாங்குகிறவர் என்ன நினைப்பார்?” என்ற தயக்கத்திலேயே பலர் டேர்-அவே பக்கம் போய்விடுகிறார்கள்.

தையல் விழும்போது துணிக்குள் நடப்பது இதுதான். ஒவ்வொரு தையலும் துணியைத் தன் பக்கம் ஒரு மயிரிழை இழுக்கிறது. ஆயிரக்கணக்கான தையல் விழும் டிசைனில் அந்த இழுப்பெல்லாம் சேர்ந்துகொண்டே போகும். நெய்த துணியில் பாவும் ஊடும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எதிர்த்து நிற்கும். பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னியது. இழுத்தால் இழுத்த பக்கம் வருவதுதான் அதன் குணம். அங்கே எதிர்த்து நிற்க வேண்டியது ஸ்டெபிலைசர் மட்டுமே. டேர்-அவேயோ கிழிவதற்கென்றே செய்த பொருள். ஊசி விளிம்பைச் சுற்றி நெருக்கமாகக் குத்தக் குத்த, தபால்தலைத் தாளில் ஓட்டை வரிசை வழியே கிழிவதுபோல், தையல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது விட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிடும். கடைசியில் ஓடும் அவுட்லைன், உள்ளே நிரப்பிய தையலை விட்டு விலகி நிற்பது இதனால்தான். அதைப் பார்த்துவிட்டு டிசைன் ஃபைல் சரியில்லை என்று வேறு ஃபைல் தேடுகிறார்கள்.

விலகாமல் தப்பித்துவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது, ஏனென்றால் குறை அப்போது கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒரு விளையாட்டுக் குழுவுக்கு டி-ஷர்ட் ஆர்டர் எடுத்திருந்தார். மார்பில் வட்டமான சின்னம், உள்ளே அடர்த்தியான ஃபில், அதாவது நிரப்புத் தையல். மாதிரியை என்னிடம் காட்டியபோது பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கட்-அவே போடச் சொன்னேன். “இவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறதே” என்றார். உண்மைதான், இஸ்திரி போட்ட அந்தச் சட்டையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் சலவையிலேயே வட்டம் முட்டை வடிவமானது. சின்னத்தைச் சுற்றித் துணி குழிவிழுந்து சுருங்கிப்போனது. மொத்தமும் திரும்பி வந்தது. பிரித்துத் தைக்கலாமா என்று கேட்டார். பனியன் துணியில் அடர்த்தியான தையலைப் பிரித்தால் ஊசி போன இடமெல்லாம் ஓட்டை தெரியும், கண்ணி ஒன்று அறுந்திருந்தால் அங்கிருந்து ஓடிக்கொண்டே போகும். சட்டைகளைத் தன் செலவில் புதிதாக வாங்கித்தான் அவர் கொடுத்து முடித்தார். ஸ்டெபிலைசரில் மிச்சம் பிடித்தது சட்டை விலையின் முன் எதற்கும் காணாது.

“இரண்டு அடுக்கு டேர்-அவே வைத்தால் போதாதா?” என்று இன்னமும் கேட்கிறார்கள். இரண்டையும் கிழித்துத்தானே எடுக்கப்போகிறீர்கள்? கிழித்த பிறகு துணியைப் பிடித்துக்கொள்ள அங்கே என்ன இருக்கும்? சட்டையைத் துவைத்து, பிழிந்து, உலர்த்தி, உடுத்தும் ஒவ்வொரு முறையும் துணி நீளும், தையல் நீளாது. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பொருள் நிரந்தரமாக இருக்க வேண்டும். மெஷினை விட்டு இறங்கியதும் ஸ்டெபிலைசரின் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எல்லாத் துணிக்கும் ஒரே பேப்பர் போதும் என்று சொல்லி விற்கிறவர்கள் மேல்தான் எனக்கு இன்னும் கோபம்.

பின்பக்கம் தடிப்பாகத் தெரிகிறது என்பதுதான் கவலை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மெல்லிய வலை போன்ற மெஷ் கட்-அவே கிடைக்கிறது. வெள்ளைச் சட்டையிலும் வெளியே சதுரமாகத் தெரியாது, உடம்பில் உறுத்தாது. டிசைனைச் சுற்றி ஏறக்குறைய ஒரு செ.மீ. விட்டு, மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர்மையான மூலை துவைக்கத் துவைக்க மடிந்து, வெளியே கோடாகத் தெரியும். வெட்டும்போது துணியை மேசையில் படுக்க விடுங்கள். ஸ்டெபிலைசரை மட்டும் தூக்கிப் பிடித்து, கத்தரியைச் சாய்வாகப் படுக்க வைத்து வெட்டுங்கள். குழந்தைகள் உடை என்றால் தையலின் பின்பக்கத்தை மூட, சூட்டில் ஒட்டும் மென்மையான துணி ஒன்றை மேலே ஒட்டிவிடலாம்.

கட்-அவே போட்டும் சுருக்கம் வருகிறது என்றால் ஹூப் (துணியைப் பிடித்து நிறுத்தும் சட்டம்) மாட்டிய விதத்தைப் பாருங்கள். திருகை இறுக்கிய பிறகு துணியின் ஓரங்களைப் பிடித்து நாலு பக்கமும் இழுத்துவிடும் பழக்கம் நிறைய பேரிடம் இருக்கிறது. இழுபட்ட நிலையில் தையல் விழுந்து, ஹூப்பைக் கழற்றியதும் துணி தன் பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஹூப் போடும் முன் துணியில் சாக்குக் கட்டியால் 5 செ.மீ. சதுரம் ஒன்று வரையுங்கள். ஹூப் போட்ட பிறகு அளந்தால் அதே 5 செ.மீ. இருக்க வேண்டும். துணிக்கு மிக அருகில் கண்ணை வைத்தால் கண்ணிகள் மேலிருந்து கீழாகத் தூண் தூணாக ஓடுவது தெரியும். அந்தத் தூண்கள் நேராக இருந்தால் சரி. ஹூப் ஓரத்தில் வில்லாக வளைந்திருந்தால் கழற்றி மறுபடி போடுங்கள். இறுக்கமாக நிற்க வேண்டியது ஸ்டெபிலைசர், துணி அதன்மேல் அமைதியாகக் கிடந்தால் போதும். ஸ்டெபிலைசரை மட்டும் ஹூப்பில் மாட்டி, சட்டையை அதன்மேல் தற்காலிகப் பசையால் ஒட்டித் தைப்பது பனியன் துணிக்கு எனக்குப் பிடித்த முறை.

டேர்-அவே கெட்ட பொருள் கிடையாது. டெனிம், கேன்வாஸ், தடித்த பருத்தி போன்ற நீளாத நெய்த துணிகளில், ரொம்ப அடர்த்தியில்லாத டிசைனுக்கு அதுவே பொருத்தம். அங்கேயும் தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு நல்லது. தையலைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கிழிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி

ஊசிமேல் 75/11 என்றிருந்தால் தண்டின் தடிமன் 0.75 மி.மீ. என்று பொருள், 11 என்பது அதே அளவுக்கான இன்னொரு எண் முறை. வழக்கமான 40 எண் நூலோடு பெரும்பாலான துணிகளுக்கு 75/11 எம்பிராய்டரி ஊசி ஒத்துப்போகும். ஆர்கன்சா, மெல்லிய பட்டுக்கு 65/9. தடித்த டெனிம், கேன்வாஸுக்கு 90/14. மெல்லிய துணியில் தடித்த ஊசி போட்டால் நூல் நிரப்ப முடியாத ஓட்டை மிஞ்சும், பட்டில் அது மறையவே மறையாது.

அளவைவிட முனையைத்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். பனியன் துணிக்கு முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி வேண்டும். அது கண்ணியை ஒதுக்கிவிட்டு இடைவெளியில் நுழையும். கூர்முனை கண்ணியையே குத்தி அறுக்கும். சாட்டின் விளிம்பில் வரும் பொடி ஓட்டைகளுக்கு இதுதான் காரணம், அவை துவைத்த பிறகே வாய் பிளக்கும். நெருக்கமாக நெய்த பட்டு, கேன்வாஸில் கதை தலைகீழ். அங்கே உருண்ட முனை இழையை ஒதுக்கி ஒதுக்கிப் போவதால் எழுத்துகளின் ஓரம் பல்லுப் பல்லாக வரும். அங்கே கூர்முனை போடுங்கள்.

உடைந்தால்தான் ஊசி மாற்றுவது

சுமார் எட்டு மணி நேரம் ஓடிய ஊசியை மாற்றிவிடுங்கள். துணியில் குத்தும் சத்தம் ‘டப் டப்’ என்று கனத்தால் அதற்கு முன்பே.

தொழிற்சாலை ஊசியை வீட்டு மெஷினில் போடுவது

வேண்டாம். மெஷினில் மாட்டும் மேல்பகுதியின் வடிவமே வேறு.

நூலின் எண்ணைப் பார்க்காமல் வாங்குவது

நூலில் எண் கூடக் கூட நூல் மெலியும். இது பலருக்கும் குழப்பம். பொதுவாகக் கிடைக்கும் டிசைன்கள் 40 எண் நூலை மனதில் வைத்து, தையலுக்குத் தையல் ஏறக்குறைய 0.4 மி.மீ. இடைவெளியோடு செய்தவை. அதில் 60 எண் நூலைப் போட்டால் இடையில் துணி எட்டிப் பார்க்கும். 30 எண் போட்டால் டிசைன் அட்டையாக விறைக்கும், நூலும் அடிக்கடி அறுந்துபோகும். 5 மி.மீ. உயரத்துக்குக் குறைவான எழுத்துகளுக்கு மட்டும் 60 எண் நூலும் 65/9 ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கேற்பச் செய்த டிசைனோடு.

ரேயானா பாலியெஸ்டரா என்று கேட்டால், அந்தத் துணி எப்படித் துவைக்கப்படும் என்று நான் திருப்பிக் கேட்பேன். ரேயானின் மினுமினுப்பு மென்மையானது, பட்டின்மேல் அழகாக உட்காரும். ஆனால் ஈரத்தில் அதன் பலம் குறையும், பிளீச்சைத் தாங்காது. டவல், சீருடை, விளையாட்டு உடை எல்லாம் பாலியெஸ்டருக்கு உரியவை. ஒரு எச்சரிக்கை: பாலியெஸ்டர் நூல் கொஞ்சம் நீளும். டென்ஷனைக் கூட்டி வைத்துத் தைத்தால், பிறகு தளர்ந்து சுருக்கத்தைக் கொண்டுவரும். தைக்கும் முன் பருத்தித் துணியைத் துவைத்துவிடுவதும் அவசியம். துணி சுருங்கி நூல் சுருங்காவிட்டால் நீங்கள் போட்ட ஸ்டெபிலைசர் எதுவானாலும் காப்பாற்றாது.

அடி நூலுக்கான பாபினில் சாதாரணத் தையல் நூலைச் சுற்றுவதும் கூடாது. அது தடிமன், மேலே வந்து எட்டிப் பார்க்கும், பின்பக்கம் கட்டியாகும். எம்பிராய்டரிக்கென்றே மெல்லிய பாபின் நூல் இருக்கிறது.

ஜரிகை நூலை வழக்கமான ஊசியில் ஓட்டுவது

ஜரிகை நூல் அறுந்தால் நூலைத் திட்டுகிறார்கள். நூலுக்குக் காது போதவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை. இதை இப்படிச் சோதிக்கலாம்: ஊசியை மெஷினிலிருந்து கழற்றி, ஒரு சாண் நூலில் கோத்து, நூலை இரு கையிலும் சாய்வாகப் பிடியுங்கள். ஊசி தன் கனத்தில் கீழே வழுக்கி வந்தால் காது போதுமானது. நடுவில் நின்றால் பெரிய காதுள்ள டாப்ஸ்டிட்ச் அல்லது மெட்டாலிக் ஊசிக்கு மாறுங்கள். மேல் டென்ஷனைத் தளர்த்தி, வேகத்தை நிமிடத்துக்கு 500 தையல் அளவுக்குக் குறையுங்கள். நூல் உருளையை மெஷினிலிருந்து தள்ளி வைத்தால் முறுக்கு அவிழ்ந்து வர இடம் கிடைக்கும்.

முதல் வேலையாக டென்ஷனைத் திருகுவது

அது கடைசி வேலை. நூலை மறுபடி கோத்து, ஊசியை மாற்றி, பாபினைத் துடைத்த பிறகும் சரியாகாவிட்டால் மட்டும் தொடுங்கள். சாட்டின் தையலின் பின்பக்கத்தில் நடு மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் தெரிந்தால் டென்ஷன் சரியாகத்தான் இருக்கிறது.

டவலிலும் வெல்வெட்டிலும் மேல் ஃபிலிம் இல்லாமல் தைப்பது

எழுத்து டவலின் கண்ணிகளுக்குள் மூழ்கிப்போகும். நீரில் கரையும் ஃபிலிமை மேலே விரித்துத் தையுங்கள். அடியில் வைப்பது வேறு, மேலே வைப்பது வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. வெல்வெட்டை ஹூப்பில் நெரிக்கவும் கூடாது. வளையத்தின் தழும்பு போகாது. ஒட்டும் ஸ்டெபிலைசரை ஹூப்பில் மாட்டி, அதன்மேல் துணியை வையுங்கள். தண்ணீர் பட்டால் கறைபடியும் துணி என்றால் சூட்டில் மறையும் ஃபிலிம் இருக்கிறது. அது அந்தத் துணியின் சூட்டுத் தாங்கலுக்கு ஏற்றதா என்று துண்டுத் துணியில் முதலில் பாருங்கள்.

நெட், ஆர்கன்சாவுக்கு அடியில் அதே மெல்லிய ஃபிலிமை வைக்கிறார்கள். அடர்த்தியான தையலில் அது பாதியிலேயே கிழிந்துவிடும். துணிபோல நார் நாராக இருக்கும் கரையும் ஸ்டெபிலைசரை அங்கே வையுங்கள். இரண்டையுமே காற்றுப் புகாத பையில் வைத்திருங்கள், ஈரக் காற்றில் பிசுபிசுக்கும், வறண்ட காற்றில் நொறுங்கும்.

பசையை மெஷின் பக்கத்தில் ஸ்ப்ரே செய்வது

வேறு அறையில், ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து அடியுங்கள். ஊசியிலும் பாபின் கொக்கியிலும் படியும் பசையைச் சுரண்டி எடுப்பது பெரும் பாடு.

தோலுக்குத் தோல் ஊசி

பெயரைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். தோல் ஊசியின் முனை கத்திபோல் வெட்டிக்கொண்டு போகும். நேர்த் தையலுக்குச் சரி. அடர்த்தியான ஃபிலிலோ சாட்டினிலோ வெட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, டிசைன் தனித் துண்டாகக் கழன்று வந்துவிடும். சாதாரணக் கூர்முனை 75/11 அல்லது 80/12 போட்டு, டிசைனின் அடர்த்தியைக் குறைத்து, அடியில் கட்-அவே வைத்து, முதலில் துண்டுத் தோலில் ஓட்டிப் பாருங்கள். தோலில் விழுந்த ஓட்டையை மூட முடியாது.