தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையைப் பறிக்கப்போவதாகக் கடிதம் வந்தால்

கடிதம் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள். பிறகு, அதில் எந்தச் சட்டப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 1995ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 8(2)ஆம் பிரிவு வேறொரு நாட்டுக் குடியுரிமையும் உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ‘தேசப் பாதுகாப்பு’ என்ற சொல்லே அதில் கிடையாது. 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருப்பது ஒரு காரணம். வெளிநாட்டில் செய்த குற்றமானால் அது இங்கும் குற்றமாக இருக்கவேண்டும். பொதுநலன் கருதிப் பறிக்கலாம் என்று உள்துறை அமைச்சர் முடிவு செய்வது இன்னொன்று. பாதுகாப்புக் குற்றச்சாட்டு பெரும்பாலும் இந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான் வரும். அது மிக அகலமான வாசல். அதனால்தான் பதில் துல்லியமாக இருக்கவேண்டும்: எந்தச் செயல், எந்த நாள், என்ன ஆதாரம் என்று எழுத்தில் கேளுங்கள்.

உங்களுக்கு இரட்டைக் குடியுரிமை உண்மையிலேயே இருக்கிறதா? டர்பனிலும் அதன் சாட்ஸ்வொர்த் பகுதியிலும் வாழும் இந்திய வம்சாவளியினர் பலர் குழம்புவது இங்கேதான். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இந்தியக் குடியுரிமை ஆகாது; இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியாவிலிருந்து வந்து இங்கே குடியுரிமை பெற்றவர்களின் இந்தியக் குடியுரிமை அப்போதே முடிந்துவிட்டது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்றிதழை இணைத்து, பதிலின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லுங்கள். பிரிட்டன் போன்ற நாட்டின் குடியுரிமை வைத்திருப்பவர்களுக்கு இந்த வாதம் உதவாது. அந்த நாட்டுப் பாஸ்போர்ட் காலாவதியானாலும் அந்தக் குடியுரிமை போகாது.

முடிவெடுக்கும் முன் முறையான அறிவிப்பும், பதில் சொல்ல நியாயமான வாய்ப்பும் தரவேண்டும் என்கிறது 2000ஆம் ஆண்டு நிர்வாக நீதிச் சட்டம். பதிலை நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நகல்களுக்குச் சான்றொப்பமும் பிரமாணப் பத்திரத்துக்குக் கையொப்பமும் காவல் நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும்.

குடியுரிமையைப் பறிக்கும் ஆணையே வந்துவிட்டால், 90 நாட்களுக்குள் காரணம் கேட்டு எழுதுங்கள். அமைச்சகம் 90 நாட்களுக்குள் போதுமான காரணம் தராவிட்டால், தக்க காரணமின்றி எடுத்த முடிவு என்றே சட்டம் அனுமானிக்கும்; அப்படியல்ல என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. உயர் நீதிமன்ற மறுஆய்வுக்குத் தாமதமில்லாமல், அதிகபட்சம் 180 நாட்களுக்குள் போகவேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் அலுவலகத்தை முதல் வாரமே அணுகுங்கள். ஆறாவது மாதத்தில் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனால் வழக்கறிஞராலும் அதிகம் செய்ய முடியாது.

அனுமதி வாங்காமல் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதால் உங்கள் குடியுரிமை தானாகவே போய்விட்டது என்று உள்துறை அலுவலகக் கவுண்டரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த விதியை அரசியல் சட்ட நீதிமன்றம் 2025 மே 6இல் செல்லாதென்று தீர்ப்பளித்தது. 1995 அக்டோபர் 6 முதலே அது செல்லாது.

விவகாரம் முடியும்வரை வெளிநாட்டுப் பயணம் வேண்டாம். தவிர்க்கவே முடியாவிட்டால் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டையே நீட்டுங்கள். வயதுவந்த குடிமகன் இன்னொரு நாட்டுப் பாஸ்போர்ட்டில் நாட்டுக்குள் வருவதும் வெளியேறுவதும் குடியுரிமைச் சட்டத்தின் 26பி பிரிவின்படி குற்றம். அபராதமோ 12 மாதம்வரை சிறையோ கிடைக்கலாம்.