கடைசி பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்: கிராமத்து பஸ்களில் ஒரு நாள் சுற்றுவது எப்படி

எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் பஸ் பைத்தியம் பிடித்தவனிடம் நேரான பதில் இருக்காது. எங்கேயும் போகவில்லை, பஸ்ஸில் போகிறேன், அவ்வளவுதான். கடைசி நிறுத்தம் வரை போவது, அங்கே கொஞ்ச நேரம் நிற்பது, முடிந்தால் வேறு வழியாகத் திரும்புவது. நகரத்துக்குள் இதற்குத் திட்டமே வேண்டாம், ஒன்றை விட்டால் பத்து நிமிஷத்தில் அடுத்தது வந்துவிடும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, சில ஊர்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் என்று ஓடுகிற வண்டிகளை நம்பிக் கிளம்புகிறவர் மட்டும் முந்தின நாள் ராத்திரி ஒரு மணி நேரமாவது கால அட்டவணையோடு உட்கார்ந்தே ஆக வேண்டும். அதுவும் தலைகீழாக, கடைசி பஸ்ஸிலிருந்து முதல் பஸ்ஸை நோக்கி.

நீங்கள் போக நினைக்கிற கடைக்கோடி ஊரிலிருந்து வெளியே வருகிற கடைசி வண்டி எத்தனை மணிக்கு? அதைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய வண்டியில் திரும்புவதாகத் திட்டம் போடுங்கள். கடைசி வண்டி ஆத்திர அவசரத்துக்கு. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் பாதிப்பேர் இதில்தான் கால் வைப்பார்கள்: டவுனிலிருந்து ராத்திரி எட்டரைக்குக் கிளம்பும் வண்டி அட்டவணையில் இருந்தால், அது ஒன்பதரைக்கு ஊர் போய்ப் பத்தரைக்குத் திரும்பிவிடும் என்று நாமாக முடிவுகட்டிக்கொள்வது. பல இடங்களில் அந்த வண்டி ராத்திரி அங்கேயே தங்கும். மறுநாள் விடிகாலை முதல் டிரிப்பாகத்தான் வெளியே வரும், டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கும், உங்களுக்கு இருக்காது. போகிற நேரப் பட்டியலையும் வருகிற நேரப் பட்டியலையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றை ஊகிக்க வேண்டாம்.

அடுத்தது, எது ஒரே வண்டி எது வேறு வண்டி என்று பிரித்துப் பார்ப்பது. கிராமத்துத் தடத்தில் உள்ளே போன பஸ்தான் பெரும்பாலும் வெளியே வரும். அந்தப் பஸ்ஸில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்வரை அது எவ்வளவு தாமதமானாலும் கவலையில்லை, நீங்கள் இல்லாமல் அது கிளம்பாது. ஆபத்து எல்லாம் வண்டி மாறுகிற இடத்தில்தான். என் கணக்கு இப்படி: தவறவிட்டால் ஒரு மணி நேரத்தில் இன்னொன்று உண்டு என்றால் பத்து நிமிஷ இடைவெளி போதும், மூன்று மணி நேரம் கழித்துத்தான் என்றால் அரை மணி வேண்டும், நாளைக்குத்தான் என்றால் அந்த மாறுதலையே திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு நாளில் ஐந்தாறு வண்டிக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பத்து பஸ் ஏறி இறங்கினேன் என்று சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும், ஆனால் பத்தில் எதையும் சரியாகப் பார்த்திருக்க மாட்டோம்.

போன வழியே திரும்புவது அலுப்பாக இருக்கிறதா? அதற்கும் ஒரு வித்தை உண்டு. வரைபடத்தை விரித்து, இரண்டு வெவ்வேறு டவுன்களிலிருந்து வருகிற இரண்டு தடங்கள் முட்டி நிற்கும் கடைசி ஊர்களைத் தேடுங்கள். பஸ் அட்டவணையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு ஊர்கள், தரையில் பார்த்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் தள்ளி இருக்கும். நடுவில் ஒரு குன்றோ ஓடையோ நிர்வாக எல்லையோ வந்ததால் பஸ் அதைத் தாண்டாது, நாம் தாண்டலாம். ஒன்றில் இறங்கி நடந்து மற்றொன்றில் ஏறினால், வந்த சாலையில் ஒரு முழம்கூடத் திரும்பிப் போகாமல் ஒரு வட்டம் முடிந்துவிடும். மணிக்கு நாலு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு மேலே அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள், ஓடை மேல் பாலம் இருக்கிறதா என்று செயற்கைக்கோள் படத்தில் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அட்டவணையின் அடிக்குறிப்புகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். நட்சத்திரக் குறி, சின்ன எழுத்து, அடைப்புக்குறிக்குள் ஒரு எண், இதெல்லாம் அலங்காரம் இல்லை. பள்ளி நாட்களில் மட்டும், ஞாயிறு தவிர, சந்தை நாளில் மட்டும், இந்த நிறுத்தத்துக்குக் கேட்டால் மட்டும். எனக்கு இந்தப் பாடம் ஒரு பள்ளி விடுமுறையில் கிடைத்தது. கடைசி நிறுத்தத்தில் இரண்டேகாலுக்கு வண்டி என்று நிழலில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தேன். இரண்டரை ஆயிற்று, மூன்று ஆயிற்று. அந்த வழியே சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்து, "பள்ளிக்கூடம் லீவு தம்பி, யாருக்கு வரும் வண்டி?" என்றார். கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த அட்டவணைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், 2.15க்குப் பக்கத்தில் கொசு அளவுக்கு ஒரு எழுத்து. ஏழு கிலோமீட்டர் நடந்தேன். நல்ல சாலைதான், ஆனாலும் அன்றைக்கு அதை ரசிக்கும் மனசு இல்லை.

செயலியில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். பார்க்கலாம், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து பாருங்கள். வரைபடச் செயலிகள் பஸ் நேரங்களைப் படிக்கிற ஜிடிஎஃப்எஸ் என்ற கோப்பு வடிவம் 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்பும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. பஸ் நடத்துகிறவர் அந்தக் கோப்பைத் தயாரித்துக் கொடுத்தால்தான் செயலிக்கு ஏதாவது தெரியும். நாளுக்கு மூன்று டிரிப் ஓடுகிற தடத்துக்கு அதை யாரும் மெனக்கெட்டுச் செய்யாமல் விட்டிருக்கலாம், அல்லது ஒருமுறை செய்துவிட்டு மறந்திருக்கலாம். செயலியில் பஸ் இல்லை என்றால் ஊரில் பஸ் இல்லை என்று அர்த்தமில்லை, இருக்கிறது என்றால் வரும் என்றும் அர்த்தமில்லை. நிலையத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுங்கள், அதற்குப் பிறகு ஓட்டுகிறவரிடம் கேளுங்கள்.

கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. "அடுத்த பஸ் எப்போது?" என்று கேட்டால் "வரும்" என்பார்கள். "இந்த வண்டியேதான் திரும்புமா, எத்தனை மணிக்கு எடுப்பீர்கள்?" என்று டிரைவரிடம் கேட்டால் நிமிஷக் கணக்கில் பதில் கிடைக்கும். ஊர்க்காரர்கள் நேரத்தை வண்டியின் பெயராகவே வைத்திருப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். "எட்டு மணி வண்டி" எட்டேமுக்காலுக்கு வரும், எப்போதோ நேரம் மாறியிருக்கும், பெயர் மாறியிருக்காது. எதற்கும் இரண்டு பேரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, ஏறியாயிற்று. எங்கே உட்காருவது? சாலையைப் பார்க்க வேண்டும் என்றால் டிரைவருக்கு எதிர்ப்பக்கம் முன்வரிசை, அதில் கேள்வியே இல்லை. உடம்பு நோகாமல் போக இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே. பின் சக்கரத்துக்கும் பின்னால் நீண்டிருக்கும் பகுதியில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளமும் இரண்டு மடங்காக வந்து சேரும். அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகளால் ஆன லீஃப் ஸ்பிரிங் வண்டியா, காற்றுப் பை வைத்த ஏர் சஸ்பென்ஷன் வண்டியா என்று கண்டுபிடிக்கப் பின்சீட்டைப் போல இடமில்லை. லீஃப் ஸ்பிரிங் முழுப் பாரத்தையும் தாங்கும்படி விறைப்பாகச் செய்யப்பட்டது, அதனால் கூட்டம் இறங்க இறங்கத் தூக்கிப்போடுவது அதிகமாகும். கடைசி ஊரை நெருங்கும்போது, நீங்களும் இன்னொருவரும் மட்டும் மிச்சம் இருக்கும்போது, ஜன்னல் முதல் கம்பி வரை எல்லாம் கடகடவென்று ஆடும். ஏர் சஸ்பென்ஷனில் பாரத்துக்குத் தகுந்தபடி பையில் காற்று கூடும் குறையும், காலியானாலும் ஆட்டம் அவ்வளவாக மாறாது. எஞ்சின் முன்னால் இருக்கிற வண்டியில் ஏற்றத்தில் கியர் மாறுவதை உள்ளங்காலில் உணரலாம், பின்னால் இருக்கிற வண்டியில் முன்சீட்டுக்காரருக்கு அது பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரி.

முடிந்தால் அன்றைய முதல் வண்டியில் கிளம்புங்கள். கூட்டம் டவுனை நோக்கி வருகிற நேரத்தில் நீங்கள் டவுனிலிருந்து வெளியே போவீர்கள், வேண்டிய சீட் கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. விடிகாலையில் எஞ்சினைப் போட்டதும் டிரைவர் உடனே கிளம்ப மாட்டார். ராத்திரி முழுக்க நின்றதில் பிரேக்குக்கான காற்று கசிந்து இறங்கியிருக்கும். அழுத்தம் ஏறும்வரை ஒரு எச்சரிக்கை ஒலி கத்திக்கொண்டே இருக்கும், முள் மெல்ல மேலே போகும், ஒலி நிற்கும், இன்னும் கொஞ்ச நேரத்தில் தொட்டி நிறைந்து தும்மல் போல ஒரு "புஸ்". அதற்கப்புறம்தான் கை பிரேக்கை விடுவிப்பார். அந்த இரண்டு மூன்று நிமிஷத்துக்காக நான் அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன், வீட்டில் யாருக்கும் இது புரிந்ததில்லை.

கடைசி நிறுத்தத்துக்கு வந்ததும் உடனே இறங்கி ஓடாதீர்கள். வண்டி திரும்புவதைப் பாருங்கள். தனியாகத் திருப்புமிடம் இருக்காது, ஒரு கிளைச் சாலையின் வாயில் பின்பக்கத்தை நுழைத்து மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் போய்த் திருப்புவார்கள், பின்பக்கம் வேலியை ஒரு சாண் இடைவெளியில் தடவிப் போகும். அப்புறம் எஞ்சின் அணையும். ஒரு மணி நேரமாகக் காதில் இருந்த இரைச்சல் சட்டென்று நின்று, சூடான உலோகம் ஆறும் "டிக், டிக்" மட்டும் கேட்கும். டிரைவரிடம் பேச இதுதான் நேரம். ஓட்டும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம். ஆனால் அவர் இளைப்பாறும் பத்து நிமிஷத்தில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

வேறு நாட்டில் சுற்றுவதானால் ஏறும் இறங்கும் முறையைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். ஜப்பானின் கிராமத்து பஸ்களில் பல இடங்களில் பின்கதவில் ஏறி எண் போட்ட ஒரு சின்னச் சீட்டை உருவிக்கொள்ள வேண்டும். முன்னால் உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் ஏறிக்கொண்டே வரும், இறங்கும்போது கட்டலாம். அங்கே யாகி–ஷிங்கூ தடம் இருக்கிறது, விரைவுச்சாலையைத் தொடாமல் சுமார் 170 கிலோமீட்டர், ஆறரை மணி நேரம், மலைக்குள் வளைந்து வளைந்து, நடுநடுவே இளைப்பாற நிறுத்தி. ஜெர்மனியில் ரூஃப்பஸ் என்று குறித்திருந்தால் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் வண்டி வரும், சும்மா நின்றால் வராது. சுவிட்சர்லாந்தின் மஞ்சள் போஸ்ட் பஸ்கள் 1906இல் பெர்னிலிருந்து டெட்லிகனுக்கு ஓடத் தொடங்கியவை. மலைச்சாலையின் குருட்டு வளைவுகளில் அவை மூன்று சுரத்தில் ஹாரன் அடிக்கும், இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் வில்லியம் டெல் என்ற ஓபராவின் இசையிலிருந்து எடுத்தது. நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்த சாலைகளில் எதிரே வரும் கார்க்காரர் போஸ்ட் பஸ் டிரைவரின் கைச்சைகைக்குக் கட்டுப்பட வேண்டும். அங்கே போனால் முன்சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பையில் என்ன வேண்டும் என்பதற்கு நீண்ட பட்டியல் தேவையில்லை: தண்ணீர், சாப்பிட ஏதாவது, சில்லறை, மாற்று பேட்டரி, குடை. கடைக்கோடி நிறுத்தத்தில் கழிப்பறை இருக்காது என்று வைத்துக்கொண்டு, பெரிய நிலையத்திலேயே போய்விட்டு வாருங்கள்.

படம் எடுக்க, வெயில் உங்கள் முதுகில் இருக்கும்படி நின்று, முன்பக்கமும் கதவுப் பக்கமும் சேர்ந்து தெரியும் கோணத்தைப் பிடியுங்கள். டிஜிட்டல் வழிப்பலகை படத்தில் பாதி எழுத்தாக வந்தால் ஷட்டர் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். டிப்போவுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள், பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிற நேரத்தில் கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். குறிப்பேட்டில் வண்டி எண், பாடி கட்டியவர் பெயர் (கதவுக்கு மேலோ டிரைவருக்குப் பின்னாலோ ஒரு தகடு இருக்கலாம்), ஒவ்வொரு ஊரையும் தாண்டிய நேரம். ஓடும்போது எழுதினால் அப்புறம் உங்களாலேயே படிக்க முடியாது, நிறுத்தங்களில் எழுதுங்கள். கைப்பேசியில் ஜிபிஎஸ் தடத்தைப் பதிவு செய்தால், வரைபடத்தில் இல்லாத நிறுத்தங்களை, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே சேர்க்கலாம்.

டிக்கெட்டை அன்று ராத்திரியே படம் எடுத்துவிடுங்கள். வெப்பத்தாளில் அச்சடித்தது சூட்டிலும் வெளிச்சத்திலும் மங்கும், பிளாஸ்டிக் உறையில் போட்டால் சில வகை உறைகளில் இன்னும் சீக்கிரம் போகும். என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது, வெறும் வெள்ளைத் தாள். ஏழு கிலோமீட்டர் நடந்த நாளின் டிக்கெட் எது என்று எனக்கே தெரியவில்லை.