கிராமத்துப் பிள்ளைகளுக்கு உதவக் கிளம்புமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் திருவள்ளூர், செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் உதவிக் குழுக்கள் வந்து இறங்கும். புதிதாக வருகிறவர்கள், முன்னால் வந்தவர்கள் செய்த அதே தவறுகளையே செய்கிறார்கள். கணக்கு வை, ரசீது கொடு என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. அதற்கு அப்பால் உள்ளவை இவை.

பை, நோட்டு, செருப்பு

அரசுப் பள்ளியில் இலவசமாகவே வருகிறது. எது வரவில்லை என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கெட்டிக்காரப் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்ப்பது

நல்ல மனதோடு செய்யும் இந்தக் காரியம்தான் பிள்ளைக்குப் பெரிய நஷ்டம். ஊரிலேயே நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையை ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மெட்ரிக் பள்ளியில் சேர்த்து, "கட்டணம் எங்கள் பொறுப்பு" என்பார்கள். முதல் ஆண்டு 25,000 என்றால் அதோடு நிற்காது. வேன், சீருடை, புத்தகம் எனக் கூடிக்கொண்டே போகும். இரண்டு மூன்று ஆண்டில் கொடுத்தவருக்கு வேலை மாறும், தொலைபேசியை எடுக்கமாட்டார். கூலி வேலைக்குப் போகும் அம்மாவின் தலையில் பாக்கி விழும். எட்டாம் வகுப்பில் பிள்ளை அரசுப் பள்ளிக்கே திரும்பும்.

திரும்பிவந்தாலும் இழந்தது திரும்பாது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. கல்வி உரிமைச் சட்ட இடத்தில், அதாவது ஏழைப் பிள்ளைகளுக்காகத் தனியார் பள்ளியில் ஒதுக்கிய இலவச இடத்தில், எட்டு வரை படித்துவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நன்கொடையாளர் கட்டணம் கட்டிப் படித்தவருக்கு இல்லை. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குப் பார்க்கின்றன. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் தேர்வில் (NMMS உதவித்தொகைத் தேர்வு) தேறினால் ஆண்டுக்கு 12,000 வீதம் நான்கு ஆண்டு கிடைக்கும். அப்போது தனியார் பள்ளியில் இருக்கும் பிள்ளை அதை எழுதவே முடியாது.

அந்த ஒரு பிள்ளையின் கட்டணத்தோடு கொஞ்சம் சேர்த்தால், ஊரில் பட்டம் படித்த ஒரு பெண்ணுக்கு மாதம் 4,000 கொடுத்துப் பத்து மாதம் மாலை வகுப்பு நடத்தலாம். இருபது பிள்ளைகள் உட்காரலாம். வருவாய்வழித் தேர்வில் மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. மனத்திறன் கேள்விகள் பள்ளிப் பாடத்தில் இல்லாதவை, பழகினால்தான் வரும். ஏழாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.

படம்

பொருளைக் கையில் கொடுத்துப் பிள்ளையைப் படம் எடுக்காதீர்கள்.

சாதிச் சான்றிதழைப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தள்ளுவது

இருளர் பிள்ளைகளுக்கு இதில்தான் படிப்பு நிற்கிறது. பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தரமுடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் தரவேண்டும். விசாரணைக்கு மாதக்கணக்கில் ஆகும். பெற்றோரிடமோ உறவினரிடமோ சான்றிதழ் இருந்தால் அதன் நகலை இணைத்து, ஆறாம் வகுப்பிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். விண்ணப்ப எண்ணை எழுதி வைத்துத் தொடர்ந்து விசாரியுங்கள்.

அப்பா இல்லாத பிள்ளைக்குக் கையில் காசு

ஒருமுறை கொடுக்கும் 2,000 ஒரு மாதத்துக்குக்கூடக் காணாது. குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில் 18 வயது வரை மாதம் 4,000 கிடைக்க வழி இருக்கிறது. கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்கவேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுக்கவேண்டும். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பள்ளிப் படிப்புச் சான்று எல்லாம் சேர்ந்துவிடும். பெரும்பாலும் தடுக்குவது அப்பாவின் இறப்புச் சான்று. செங்கல் சூளையிலோ வெளியூரிலோ இறந்திருப்பார், யாரும் பதிந்திருக்கமாட்டார்கள். ஓராண்டு தாண்டியிருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கித்தான் பதியமுடியும். அந்த அம்மாவின் ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் கொடுத்து, கூடவே அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். உங்கள் 2,000-க்கு அதுதான் சரியான செலவு.