முதுகிலும் தோளிலும் எந்தத் தசை எங்கே? தொட்டே கண்டுபிடிக்கலாம்

முதுகு வலிக்கிறது என்று சொல்லிக் கையைப் பின்னால் கொண்டுபோய் பொத்தாம்பொதுவாக ஒரு இடத்தைக் காட்டுவோமே, அங்கே பெரும்பாலும் இரண்டு மூன்று தசைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒரு டப்பா தைலத்தைக் கழுத்தில் தேய்த்துத் தீர்த்த பிறகுதான், எனக்கு வலித்தது கழுத்தே இல்லை, தோள்பட்டை எலும்பின் மேல்மூலை என்று தெரிந்தது. படத்தைப் பார்த்துப் படித்தால் இரண்டு நாளில் மறந்துவிடும். சட்டையைக் கழற்றிவிட்டுத் தடவிப் பாருங்கள், கூட ஒரு ஆளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதுகின் பாதி நம் கைக்கு எட்டாது.

முதலில் எலும்பு. அது தெரியாமல் தசையைத் தேடுவது வீண் வேலை. தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே துருத்தி நிற்பது பெரும்பாலானவர்களுக்குக் கழுத்தின் 7வது, அதாவது கடைசி முள்ளெலும்பு. சந்தேகமாக இருந்தால் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு தலையை மெல்லப் பின்னால் சாயுங்கள்: 6வது எலும்பு என்றால் விரலடியிலிருந்து நழுவி உள்ளே போய்விடும், 7வது அப்படியே இருக்கும். அப்புறம் வலது கையை இடது தோளுக்கு மேலாகப் போட்டுப் பின்பக்கம் தடவினால், வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு குறுக்கே ஓடுவது தட்டுப்படும். அது தோள்பட்டை எலும்பின் மேடு. அந்த எலும்பின் கீழ்முனை, கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது, ஏறக்குறைய முதுகின் 7வது முள்ளெலும்புக்கு நேராக இருக்கும்.

இந்தத் தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளோடு மூட்டு போட்டுக்கொள்ளவே இல்லை. காறை எலும்பு வழியாக மட்டும்தான் நெஞ்செலும்போடு அதற்கு எலும்புத் தொடர்பு, மற்றபடி தசைகளின் பிடியில்தான் நிற்கிறது. கையைத் தலைக்கு மேலே 180 டிகிரி தூக்கும்போது சுமார் 120 டிகிரி தோள் மூட்டிலிருந்து வருகிறது, மீதி 60 இந்த எலும்பு விலாவின் மேல் வழுக்கித் திரும்புவதால் வருகிறது. நாள் முழுக்க நாற்காலியில் கூனி உட்கார்ந்திருப்பவருக்குக் கழுத்தும் தோளும் சேர்ந்தே பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை.

சரி, தசைக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் மேலே கிடப்பது டிரெபீசியஸ். ஜிம்மில் ட்ராப்ஸ் என்பார்கள். மண்டையின் பின்னடியில் தொடங்கி, முதுகின் 12வது முள்ளெலும்பு வரை இறங்கி, இரண்டு பக்கமும் தோளுக்கு விரிகிறது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் காத்தாடி வடிவம். தோளைக் காதுப் பக்கம் தூக்கிக்கொண்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கிள்ளிப் பிடித்தால் கைக்குள் வருவது இதன் மேல்பகுதி. டாக்டர் சில சமயம் நம் இரண்டு தோளையும் அமுக்கிக்கொண்டு "தூக்குங்க பார்ப்போம்" என்பார் இல்லையா, இந்தத் தசையை இயக்கும் 11வது மண்டை நரம்பைத்தான் அப்படிச் சோதிக்கிறார்.

அதற்கு அடியில் ஒளிந்திருப்பது லெவேட்டர் ஸ்கேப்புலே, என் தைலத்தை ஏமாற்றிய ஆள். கழுத்தின் முதல் 4 எலும்புகளின் பக்கவாட்டிலிருந்து இறங்கித் தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல்மூலையில் ஒட்டுகிறது. மேலே டிரெபீசியஸ் மூடியிருப்பதால் நேராகத் தேடினால் கிடைக்காது. ஒரு கையை மடக்கி இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், மேலே இருப்பது தளர்ந்துவிடும். இப்போது அந்தத் தோளை மட்டும் சின்னச் சின்னதாக, வெடுக் வெடுக்கென்று தூக்குங்கள். மேல்மூலைக்குச் சற்று மேலே விரல் வைத்திருந்தால் கயிறு மாதிரி ஒன்று இறுகி இறுகித் தளரும்.

கையை அங்கேயே வைத்திருங்கள், அடுத்ததற்கும் அதே நிலைதான் வேண்டும். தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு இப்போது புடைத்துக்கொண்டிருக்கும். கூட இருப்பவர் அந்த விளிம்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே விரல் வைக்கட்டும், நீங்கள் இடுப்பிலிருந்து கையைப் பின்பக்கமாக விலக்குங்கள். விரலைத் தள்ளுவது ராம்பாய்ட்.

லாட்ஸ் எனப்படும் லாட்டிசிமஸ் டார்சை சுலபம். அக்குளின் பின்மடிப்பைக் கட்டைவிரலால் உள்ளேயும் மற்ற விரல்களால் வெளியேயும் பிடியுங்கள் (கூடவே டெரஸ் மேஜரும் கைக்குள் வரும், பரவாயில்லை). அந்தக் கையின் முழங்கையை மேஜையில் ஊன்றிக் கீழே அழுத்துங்கள், கல் மாதிரி ஆகும். கிணற்றில் நீர் இறைக்கும்போது கயிற்றைக் கீழே இழுப்பதில் பெரிய பங்கு இதற்குத்தான். பிடித்தபடியே ஒருமுறை பலமாக இருமிப் பாருங்கள், துள்ளும்.

தோளின் உருண்டை டெல்டாயிட். தடுப்பூசி போடும் இடம், யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு அடியில் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் 4 தசைகளைச் சேர்த்து ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். இன்ஃப்ராஸ்பைனேடஸ் மட்டும் நன்றாகச் சிக்கும்: முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பும்போது, முதலில் பார்த்த அந்த எலும்பு வரப்புக்குக் கீழே விரல் வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்று, எங்கேயும் நகத்தால் குத்த வேண்டாம். கை மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, நெஞ்சு இறுக்கத்தோடு இடது தோள் வலித்தாலோ இந்த விளையாட்டெல்லாம் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதய வலி தோளிலும் முதுகிலும் தெரியக்கூடும்.

கடைசியாக முதுகெலும்பின் இருபுறமும் நெடுகப் போகும் எரெக்டர் ஸ்பைனே. இரண்டு கட்டைவிரலையும் இடுப்புக்குச் சற்று மேலே, எலும்புக்கு இருபுறமும் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால் மாறி மாறி இறுகும். நின்று மெல்லக் குனியுங்கள், இரண்டும் சேர்ந்து விறைக்கும். முதுகில் வலி ஏதும் இல்லாதவர் இன்னும் குனிந்து அடிவரை போனால் சட்டென்று தளர்ந்துவிடும், ஏனென்றால் அந்த இடத்தில் மேல் உடம்பின் பாரத்தை எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் நார்கள் வாங்கிக்கொள்கின்றன. தண்ணீர்க் குடத்தை அந்த நிலையிலிருந்துதான் நம்மில் பாதிப்பேர் வெடுக்கென்று தூக்குகிறோம்.