பலெர்மோவில் வீடு வாங்க நினைப்பவர்களுக்கு

பலெர்மோவுக்கு வந்து சில மாதங்களிலேயே ஒரு பேச்சு உங்கள் காதில் விழும்: "வாடகைக்குக் கொடுக்கிற காசுக்கு வீட்டையே வாங்கலாம்." அதில் உண்மை இருக்கிறது. மிலானோவோடு ஒப்பிட்டால் இங்கே வீட்டு விலை மிகக் குறைவு. ஞாயிறுகளில் சாந்தா ரொசாலியா கோயிலுக்கு மொந்தே பெல்லெக்ரினோ மலையேறும் நம்மவர்களோடு நடந்தால், யார் எங்கே என்ன விலைக்கு வாங்கினார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆனால் எந்தத் தாளில் எப்போது கையெழுத்திட வேண்டும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. வாழ்நாள் சேமிப்பு கரைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

முதலில் உரிமையைப் பற்றி. வேலை, குடும்பம் போன்ற காரணங்களுக்காக வழங்கப்பட்ட வதிவிட அனுமதி செல்லுபடியாக இருந்தால், இத்தாலியர் ஒருவரைப் போலவே நீங்களும் வீடு வாங்கலாம். குடியுரிமை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வரி எண்ணான கோதிச்சே ஃபிஸ்காலே ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும்.

வீட்டைப் பார்க்கப் போகும் அன்றே முகவர் அச்சிட்ட படிவம் ஒன்றை நீட்டுவார். அதன் பெயர் ப்ரொப்போஸ்தா, அதாவது வாங்கும் விருப்ப மனு. "இது சும்மா ஒரு விண்ணப்பம், வேறொருவர் முந்திவிடுவார்" என்று சொல்லிக் காசோலையும் கேட்பார். அது சும்மா விண்ணப்பம் அல்ல. விற்பவர் ஏற்றுக் கையெழுத்திட்டு, அது உங்களுக்கு அறிவிக்கப்பட்ட நிமிடத்திலிருந்து அது உங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். கொடுத்த முற்பணம் கப்பார்ரா என்று எழுதப்பட்டிருந்தால், நீங்கள் பின்வாங்கும்போது அதை இழப்பீர்கள். விற்பவர் பின்வாங்கினால் இருமடங்காகத் திருப்பித் தர வேண்டும். வங்கிக் கடனை நம்பி வாங்குகிறவர் என்றால், கடன் கிடைத்தால் மட்டுமே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையைத் தேதியோடு அந்தப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல் போதாது. அப்படி எழுதியிருந்தால் முகவரின் தரகுப் பணமும் கடன் உறுதியான பிறகே கொடுக்க வேண்டியதாகும்.

தரகு பற்றி இன்னொன்று. வாங்குபவரும் விற்பவரும் தனித்தனியே கொடுப்பதுதான் இங்கே வழக்கம். மூன்று வீதத்தோடு வற் வரியும் சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வர்த்தக சங்கத்தில் பதிவு செய்த முகவருக்கு மட்டுமே சட்டப்படி தரகு கேட்கும் உரிமை உண்டு. தெரிந்தவர் ஒருவர் வீட்டைக் காட்டிவிட்டு முகவர் போல வீதக் கணக்கில் காசு கேட்டால், கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

ஆகவே அந்தப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே இரண்டு பேரிடம் போங்கள். ஒருவர் சொத்து உறுதியை எழுதும் நோத்தாயோ, மற்றவர் வீட்டை அளந்து பார்க்கும் ஜெயோமெத்ரா. நோத்தாயோவுக்குக் கட்டணம் கொடுப்பவர் வாங்குபவர் என்பதால் அவரைத் தெரிவு செய்வதும் உங்கள் உரிமையே. முகவர் சொல்லும் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வீடு யார் பெயரில் இருக்கிறது, அதன் மீது ஈடு இருக்கிறதா, நீதிமன்றத் தடை இருக்கிறதா என்பதையெல்லாம் அவர் இருபது வருடங்கள் பின்னோக்கிப் பார்ப்பார். பழைய நகரத்து வீடுகள் பல பரம்பரைச் சொத்துகள். தந்தையின் வீட்டை ஐந்து பிள்ளைகள் விற்கிறார்கள் என்றால் ஐந்து பேரும் கையெழுத்திட வேண்டும், அவர்கள் அந்தச் சொத்தை ஏற்றுக்கொண்டது பதிவாகியும் இருக்க வேண்டும். ஒரு சகோதரர் ஆர்ஜென்டினாவில் இருந்தால் மாதக்கணக்கில் இழுபடும்.

ஆனால் நோத்தாயோ வீட்டுக்கு வந்து சுவரை அளப்பதில்லை. பலரும் அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். அளப்பது ஜெயோமெத்ராவின் வேலை. அவருக்குச் சில நூறு யூரோ கொடுக்கத் தயங்காதீர்கள். காணிப் பதிவகமான கதாஸ்தோவில் இருக்கும் வரைபடத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அவரோடு அறை அறையாக நடந்து பாருங்கள். பல்லரோ சந்தைப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் கூரை மிக உயரம்; பாதி உயரத்தில் மரப்பலகையோ இரும்புச் சட்டமோ வைத்து ஒரு பரண்தளம் கட்டி, ஏணிப்படி வைத்து, கட்டில் போட்டு, "இரண்டு படுக்கையறை" என்று விளம்பரம் செய்வார்கள். வரைபடத்தில் இருப்பது ஒரே அறை. மூடப்பட்ட பால்கனியும் இடம் மாறிய குளியலறையும் இதே வகை. வரைபடமும் வீடும் ஒத்துப்போகாவிட்டால் உறுதி முடிக்க முடியாமல் போகலாம். மாநகர சபையின் அனுமதியே இல்லாமல் கட்டியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. 1985, 1994, 2003 ஆகிய ஆண்டுகளின் பொதுமன்னிப்புச் சட்டங்களில் விண்ணப்பித்திருக்கிறோம் என்று விற்பவர் சொன்னால், விண்ணப்பத்தை அல்ல, வழங்கப்பட்ட அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

மொட்டைமாடிக்கும் ஏறிப் பாருங்கள். பழைய தண்ணீர்த் தொட்டி சாம்பல் நிறத்தில் சிமெந்து போலத் தெரிந்தால் அது எத்தேர்னித், அதாவது அஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கலாம். 1992இல் தடை செய்யப்பட்ட பொருள் அது. அதை அகற்ற உரிமம் பெற்ற நிறுவனம்தான் வர வேண்டும், செலவும் கணிசமானது. தொட்டியே இல்லாத வீடு என்றால் அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம். 2024 வறட்சியில் நகரத்தின் பல பகுதிகளுக்குத் தண்ணீர் முறை வைத்துத்தான் விடப்பட்டது.

இனி பணம். வங்கி பொதுவாக வீட்டின் மதிப்பில் எண்பது வீதம் வரை கடன் தரும். நிரந்தர வேலை ஒப்பந்தமும் வருமானச் சான்றும் கேட்கும். வீட்டுவேலை செய்யும் நம்மவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் முதலாளி சம்பளத்தில் வருமான வரியைக் கழிப்பதில்லை, கணக்குக் காட்ட வேண்டியவர் நீங்களே. வருடா வருடம் வரி அறிக்கைக்கு உதவும் காஃப் அலுவலகத்தில் வரி அறிக்கை கொடுத்து வந்தவருக்கு வங்கியில் காட்டத் தாள் இருக்கிறது. கொடுக்காதவர் இந்த வருடமே தொடங்கட்டும்.

சீட்டுக் கட்டிச் சேர்த்த காசை உறையில் போட்டுக் கொடுக்க முடியாது. 2006 முதல் விலை எந்த வழியில் செலுத்தப்பட்டது என்பதை உறுதியில் எழுதியாக வேண்டும். ரொக்கமாகக் கொடுக்கும் தொகை 5,000 யூரோவை எட்டக்கூடாது. உறவினர் உதவுவதாக இருந்தால் வங்கி வழியே அனுப்பட்டும், வட்டியில்லாக் கடன் என்று ஒரு தாளும் எழுதிக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்து எழுதி மீதியைக் கையில் கொடுக்கும் யோசனைக்கு மறுத்துவிடுங்கள். தனியாரிடம் குடியிருக்க வாங்கும்போது, நீங்கள் கோரினால், வரி பதிவக மதிப்பின்மீதுதான் கணக்கிடப்படும், விலையின்மீது அல்ல. குறைத்து எழுதுவதால் மிச்சம் எதுவும் இல்லை. ஆபத்து மட்டுமே இருக்கிறது.

கணக்கு இப்படி: பதிவகத்தில் வீட்டின் ரெந்திதா, அதாவது வரிக்காகக் குறித்திருக்கும் வருமான மதிப்பு, 600 யூரோ என்றால், குடியிருக்க வாங்கும் முதல் வீட்டுக்கான வரிச் சலுகையில் அதை 115.5ஆல் பெருக்கி 69,300. அதில் இரண்டு வீதம், 1,386 யூரோ. சலுகை இல்லாமல் 126ஆல் பெருக்கி ஒன்பது வீதம், 6,804 யூரோ. சலுகை வரி 1,000 யூரோவுக்குக் கீழே போகாது. இரண்டிலும் தலா 50 யூரோவில் இரண்டு சிறிய வரிகள் சேரும்.

வீடு தொடர்மாடியில் இருந்தால், நிர்வாகியிடமிருந்து பாக்கி இல்லை என்ற கடிதத்தை உறுதிக்கு முன் வாங்குங்கள். விற்பவர் நடப்பு ஆண்டிலும் முந்தைய ஆண்டிலும் கட்டாமல் விட்ட பொதுச்செலவை உங்களிடமும் கேட்கச் சட்டம் இடம் தருகிறது.

உறுதி நாளில் இத்தாலியம் சரளமாக வராதவர் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளரோடும் சாட்சிகளோடும் எழுத வழி உண்டு. மணமானவரிடம் சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொதுவா என்று நோத்தாயோ கேட்பார். மொழிபெயர்த்த திருமணச் சான்றிதழைக் கொண்டுபோங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வருபவர்கள் அதையும், மணவாழ்வில் தேடிய சொத்தைப் பற்றிய தேடியதேட்டம் என்ற முறை இருப்பதையும் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

முதல் வீட்டுச் சலுகை பெற்றவர் பதினெட்டு மாதத்துக்குள் பலெர்மோவில் வதிவிடம் பதிந்திருக்க வேண்டும். அந்த வீட்டிலேயே வாழும்வரை, அது சொகுசு வகையாக இல்லாவிட்டால், வீட்டுச் சொத்து வரியான இமு கிடையாது. குப்பை வரியான தாரி உண்டு. பிள்ளைகளின் படிப்புக்காக ஜெர்மனிக்கோ இங்கிலாந்துக்கோ நகரும் எண்ணம் இருந்தால் இதைக் கணக்கில் எடுங்கள்: வதிவிடம் மாறியதும் இமு தொடங்கும். ஐந்து வருடத்துக்குள் விற்று, ஒரு வருடத்துக்குள் குடியிருக்க வேறு வீடு வாங்காவிட்டால், மிச்சப்படுத்திய வரியை அபராதத்தோடும் வட்டியோடும் திருப்பிக் கேட்பார்கள்.